ஏஐ துணையோடு புரோகிராமிங் கற்பது: புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

கல்லூரி முடித்து சாஃப்ட்வேர் வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள், இன்னும் கடைசி ஆண்டில் இருப்பவர்கள், வேறு துறையிலிருந்து மாறி வருகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புதியவர்கள் எழுதும் கோட்களைப் படித்துத் திருத்தம் சொல்வது என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும் அவற்றுக்கு என் பதில்களும் கீழே.

ஏஐயே கோட் எழுதித் தருகிறதே, நான் இன்னும் எதற்காகக் கற்க வேண்டும்?

எழுதித் தருகிறது, அதில் சந்தேகமில்லை. லாகின் பக்கம், சின்ன ஏபிஐ, எக்செல் கோப்பைப் படித்துக் கணக்குப் போடும் ஸ்கிரிப்ட் எல்லாம் சில நிமிடங்களில் கையில் வந்துவிடும். ஓடவும் செய்யும். ஆனால் ஓடுகிற கோட் எல்லாம் சரியான கோட் ஆகிவிடாது. புரோகிராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2025இல் உலகம் முழுக்க டெவலப்பர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 84 சதவீதம் பேர் ஏஐ கருவிகளைப் பயன்படுத்துவதாகவோ பயன்படுத்தப் போவதாகவோ சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில், கிட்டத்தட்டச் சரியாக இருந்தும் முழுக்கச் சரியாக இல்லாத விடைகள்தான் தங்களை வாட்டுகின்றன என்று 66 சதவீதம் பேர் சொன்னார்கள். அந்த மிச்சத்தைச் சரிசெய்யத்தான் ஆள் தேவைப்படுகிறது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோட் எழுத எவ்வளவு உதவி வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிழையைத் தேடிப் பிடிக்கிற வேலையை மட்டும் முதல் சில ஆண்டுகளுக்கு உங்கள் கையிலேயே வைத்திருங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான்.

படிக்கும் காலத்திலேயே ஏஐ பயன்படுத்தினால் மூளை மழுங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா?

எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் சோதித்தார்கள். சாதாரண சாட் கருவி கிடைத்தவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் சாதித்தார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். மூன்றாவது குழுவுக்கு, விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியைக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேர்வில் அந்தச் சரிவு இல்லை.

இன்னொன்று நம் தொழிலுக்கே உரியது. ஏஐ தயாரிக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனமே 2026 ஜனவரியில் வெளியிட்டது. 52 டெவலப்பர்கள், பெரும்பாலும் ஜூனியர்கள், தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பைத்தான் லைப்ரரியைக் கற்றுக்கொண்டே வேலை செய்தார்கள். பாதிப் பேருக்கு ஏஐ உண்டு, பாதிப் பேருக்குக் கிடையாது. முடிவில் வைத்த தேர்வில் ஏஐ வைத்திருந்தவர்கள் சராசரியாக 50 சதவீதமும் மற்றவர்கள் 67 சதவீதமும் எடுத்தார்கள். மிச்சமான நேரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இடைவெளி எங்கே அதிகம் என்று பார்த்தால், பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில். ஏஐ இல்லாதவர்கள் வேலையின் நடுவே எரர்களில் மாட்டி, தாங்களே வெளியே வந்தார்கள். அந்தப் பழக்கம்தான் தேர்வில் கை கொடுத்தது. அப்புறம் ஒன்று: ஏஐ குழுவிலேயே, ‘இது ஏன் இப்படி வேலை செய்கிறது’ என்று கருத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கோடைத் தாங்களே எழுதியவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள்.

அப்படியானால் அதனிடம் எப்படிக் கேட்பது?

‘இதைச் செய்து கொடு’ என்று கேட்டால் செய்து கொடுத்துவிடும், நமக்கு ஒன்றும் ஒட்டாது. கற்கும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘இது நான் எழுதிய கோட். இந்த எரர் வருகிறது. ஏழாவது வரியில் லிஸ்ட் காலியாக இருக்கிறது என்று நினைக்கிறேன். திருத்தித் தராதே, என் ஊகம் சரியா, அடுத்து எதைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொல்.’ இதில் உங்கள் ஊகம் இருப்பதுதான் முக்கியம். அது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஊகம் என்று ஒன்று இருந்தால்தான் அது எங்கே தவறியது என்பது தெரியும்.

சாட்ஜிபிடியில் 2025 ஜூலையில் வந்த ஸ்டடி மோட் இப்படித்தான் விடை சொல்லாமல் கேள்வி கேட்டு நடத்திச் செல்லும். ஆந்த்ரோபிக்கின் கோடிங் கருவியான கிளாட் கோடில் கற்றல் முறையைப் போட்டால், சில பகுதிகளை எழுதாமல் உங்களுக்கென்று விட்டுவைக்கும்.

ஏஐ கொடுத்த கோடை ஓட்டுவதற்கு முன்னால், என்ன விடை வரும் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு ஓட்டுங்கள். நீங்கள் எழுதியதும் திரையில் வந்ததும் வேறு வேறாக இருந்தால் அங்கே படிக்க ஏதோ இருக்கிறது.

பிழை கண்டுபிடிப்பதை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்? எரரை ஒட்டினால் ஏஐ சொல்லிவிடாதா?

எரர் வந்தால் சொல்லிவிடும், பல நேரம் சரியாகவே சொல்லும். எரரே வராத பிழைகளில்தான் சிக்கல். நம் மொழியிலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கிறேன்.

வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று எக்செல்லில் வருகிறது. ஊர்ப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. ‘பொள்ளாச்சி’ என்று கொடுத்தால் அந்த ஊர்க்காரர்களை எடுத்துத் தரும் பைத்தான் ஸ்கிரிப்ட் வேண்டும். ஏஐ எழுதித் தருகிறது, ஓடுகிறது, பெயர்களும் வருகின்றன. நாலு நாள் கழித்து, ‘பொள்ளாச்சியில் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்களே’ என்று ஃபோன் வருகிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் விடுபட்ட வரிகளிலும் பொள்ளாச்சி என்றுதான் இருக்கிறது. கண்ணால் பார்த்தால் ஓர் இம்மி வித்தியாசம் தெரியாது.

இந்த நிலையில் ஏஐயிடம் ‘தேடலில் சில வரிகள் வரவில்லை’ என்று சொன்னால், முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை நீக்கு, எல்லாவற்றையும் சின்ன எழுத்துக்கு மாற்று, முழுப் பெயருக்குப் பதில் பாதியைத் தேடு என்று வழக்கமான யோசனைகள் வர வாய்ப்பு அதிகம். தமிழில் சின்ன எழுத்து பெரிய எழுத்து ஏது? ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால் கோட் நீள்கிறதே தவிர ஆள் கிடைப்பதில்லை.

கையால் தேடுகிறவர் என்ன செய்வார்? அகப்பட்ட ஒரு வரியையும் அகப்படாத ஒரு வரியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். இரண்டும் ஒன்றா என்று பைத்தானிடம் கேட்பார். இல்லை என்று வரும். இரண்டின் நீளத்தையும் கேட்பார். ஒன்று 10 என்கிறது, இன்னொன்று 11 என்கிறது. பொள்ளாச்சியில் நாம் எண்ணினால் ஐந்து எழுத்துதான். ஆக கம்ப்யூட்டர் வேறு எதையோ எண்ணுகிறது. ஒவ்வொரு துண்டாகப் பிரித்து அச்சிட்டதும் விஷயம் வெளியே வருகிறது. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் குறிகளாக வைக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ‘பொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே ‘பொ’. எந்த மென்பொருளில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து உள்ளே மாறியிருக்கிறது. கால், கொம்பு போன்றவற்றுக்கும் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனிக் குறி உண்டு என்பதால்தான் ஐந்து எழுத்து பத்தாகிறது.

தீர்வு ஒரு வரிதான். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இதற்கென்று நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும்.

‘ஒரே மாதிரி தெரியும் இரண்டு தமிழ்ச் சொற்களுக்கு நீளம் 10, 11 என்று வருகிறது, ஏன்?’ என்று கேட்டிருந்தால் இன்றைய எந்தக் கருவியும் நொடியில் இந்தப் பதிலைச் சொல்லியிருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்கு வந்து சேர யாரோ ஒருவர் நீளத்தை அளந்து பார்த்திருக்க வேண்டும். அந்த அளந்து பார்க்கிற புத்தியைத்தான் பழகச் சொல்கிறேன்.

ஒரு பிழையோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டலாம்?

கற்கும்போது சுமார் அரை மணி நேரம் நீங்களே பாருங்கள். சும்மா திரையை வெறித்துப் பார்ப்பதைச் சொல்லவில்லை. எரரை முழுதாகப் படியுங்கள். பைத்தானில் கடைசி வரியில் காரணம் இருக்கும், அதற்கு மேலே கோப்பும் வரி எண்ணும் இருக்கும். பிழை மறுபடி வருகிற மிகச் சிறிய உள்ளீட்டைக் கண்டுபிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேற்று வரை ஓடியது என்றால் கிட் பைசெக்ட் என்ற கட்டளை எந்த கமிட்டில், அதாவது சேமித்து வைத்த எந்த மாற்றத்தில், கெட்டது என்று பாதி பாதியாகக் குறுக்கிக் காட்டும். இவ்வளவுக்கும் மசியவில்லையா, கேளுங்கள்.

ப்ரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் இடத்தில், ஏதாவது விழுந்து கிடக்கும்போது இந்த விதி கிடையாது. அப்போது யார் உதவியாவது, எந்தக் கருவியாவது வைத்து முதலில் எழுப்புங்கள். படிப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம், கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்.

டீமில் எல்லாரும் ஏஐ வைத்து வேகமாக முடிக்கிறார்கள். நான் மட்டும் பின்தங்கிவிட மாட்டேனா?

வேகமாக முடிப்பது போன்ற உணர்வு வேறு, வேகம் வேறு. மெட்ர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை, அவர்களுக்கு நன்கு பழகிய புராஜெக்ட்களிலேயே 246 வேலைகளைச் செய்ய வைத்தது. ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ எல்லாம் முடிந்த பிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாக நம்பினார்கள். அது 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளோடு செய்தது. கருவிகள் அதற்குப் பிறகு நிறைய முன்னேறிவிட்டன. ஆனாலும் நம் வேகத்தை நாமே மதிப்பிடுவதில் உள்ள கோளாறு அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் டிக்கெட் எப்போது ‘முடிந்தது’ ஆனது என்பதோடு, அது எத்தனை தடவை திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கு வையுங்கள்.

கம்பெனி பயன்படுத்தச் சொன்னால் தயங்காமல் பயன்படுத்துங்கள். வழக்கமான வேலைகள், நீங்கள் ஏற்கெனவே கையால் செய்து பழகியவை எல்லாவற்றையும் அதனிடம் விடலாம். முதல் முறையாகச் சந்திக்கிற விஷயத்தை ஒரு தடவையாவது நீங்கள் எழுதிப் பாருங்கள்.

ஏஐ எழுதிய கோடை ரிவ்யூவுக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால். ‘இந்த இடத்தில் ஏன் லாக் போட்டீர்கள்?’ என்று கேட்டால் ‘ஏஐ போட்டது’ என்ற பதில் வரும்போது ரிவ்யூ செய்கிறவருக்கு நம்பிக்கை போய்விடும். அது திரும்ப வர நாளாகும். உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டை இரண்டாயிரம் வரிக்கு அனுப்பாதீர்கள். எழுத ஐந்து நிமிடம் ஆனது என்பதற்காகப் படிக்கவும் ஐந்து நிமிடம்தான் ஆகும் என்று நினைப்பது மற்றவரின் நேரத்தை மதிக்காத செயல்.

டெஸ்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கோடையும் ஏஐ எழுதி, அந்தக் கோடைப் பார்த்து டெஸ்ட்டையும் ஏஐ எழுதினால், கோடில் உள்ள தப்பையே சரியென்று டெஸ்ட் உறுதி செய்யும். பைத்தானில் 2.5ஐ ரவுண்ட் செய்தால் 2 வரும், 3 வராது. சரிபாதியில் நின்றால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. பில் போடும் மென்பொருளில் கணக்காளர் எதிர்பார்ப்பது 3 என்றால் இது தப்பு. கோடைப் பார்த்து எழுதிய டெஸ்ட் ‘2 வரவேண்டும்’ என்று எழுதிவைத்துப் பச்சை விளக்குக் காட்டும். அதனால், வரவேண்டிய விடையைக் காகிதத்தில் நீங்கள் போட்டு எடுங்கள், டெஸ்ட்டின் மற்ற பகுதிகளை ஏஐ எழுதட்டும்.

பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏஐ சொல்லும் பேக்கேஜ் (பிறர் எழுதிப் பகிர்ந்த கோட் தொகுப்பு) உண்மையிலேயே இருக்கிறதா என்பதை. 2025இல் வெளியான ஓர் ஆய்வில் 16 மாடல்களிடமிருந்து 5,76,000 கோட் மாதிரிகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். பரிந்துரைத்த பேக்கேஜ்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமானவை எங்குமே இல்லாதவை. இப்படி மாடல்கள் வழக்கமாகக் கற்பனை செய்யும் பெயரில் யாராவது கெட்ட கோடைப் பதிவேற்றி வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு இன்ஸ்டால் செய்கிறவர் மாட்டுவார். இன்ஸ்டால் செய்யும் முன் அந்தப் பேக்கேஜின் பக்கத்துக்குப் போய், எவ்வளவு காலமாக இருக்கிறது, யார் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

கம்பெனி கோடை என் சொந்தக் கணக்கில் உள்ள சாட்டில் ஒட்டலாமா?

கூடாது. கம்பெனி அனுமதித்த கருவி எது என்று கேட்டு அதை மட்டும் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளர் விவரம், பாஸ்வேர்ட், ஏபிஐ கீ எதையும் எதிலும் ஒட்டக் கூடாது.

வைப் கோடிங் செய்யலாமா?

கோடைப் பார்க்காமலே, சொல்லிச் சொல்லிச் செய்யவைக்கும் முறைக்கு, ஓப்பன்ஏஐ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆந்த்ரே கர்பாத்தி 2025 பிப்ரவரியில் வைத்த பெயர் அது. வார இறுதியில் செய்து தூக்கிப் போடும் புராஜெக்ட்களுக்கு மோசமில்லை என்றுதான் அவரே சொன்னார். அந்த எல்லைக்குள் செய்யுங்கள், ஜாலியாக இருக்கும். இன்னொருவரின் பணமோ விவரமோ அதில் போகும் என்றால் வேண்டாம்.

ஆங்கிலம் எனக்குத் தடுமாற்றம். தமிழில் கேட்டுப் படிக்கலாமா?

கட்டாயம் படிக்கலாம், இது ஏஐ வந்ததால் கிடைத்த பெரிய நன்மை என்றே நினைக்கிறேன். ரிகர்ஷன், பாயிண்டர், இண்டெக்ஸ் போன்றவை ஆங்கில விளக்கத்தில் பிடிபடாமல் தாங்கள் மக்கு என்று நினைத்து ஒதுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் குறை ஒன்றுமில்லை. அவர்களுக்குப் புரியும் மொழியில் பொறுமையாகச் சொல்ல ஆள் இருந்ததில்லை. இப்போது தமிழில், தங்கிலீஷில், பாதி பாதியாகக் கூடக் கேட்கலாம். அதே விஷயத்தை ஐந்தாவது தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது.

ஆனால் எரர் செய்தியையும் அதிகாரபூர்வ டாக்குமெண்டேஷனையும் ஆங்கிலத்திலேயே படித்துப் பழகுங்கள். அவை திரும்பத் திரும்ப வரும் சொற்கள்தான், சில மாதங்களில் கண்ணுக்குப் பழகிவிடும். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தில் புரோகிராமிங் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். வீடியோ ஓடும்போது புரியாத இடத்தை நிறுத்தி, அதை மட்டும் தமிழில் கேட்டுவிட்டு மேலே போகலாம்.

ஃபிரெஷர்களுக்கு இனி வேலை கிடைக்குமா?

முன்பைவிடக் கடினம் என்பதை மறைக்க மாட்டேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சம்பளப் பட்டியல் விவரங்களை வைத்து வெளியிட்ட கட்டுரையில், 22 முதல் 25 வயது வரையுள்ள சாஃப்ட்வேர் டெவலப்பர்களின் எண்ணிக்கை 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அனுபவசாலிகளுக்கு அந்தச் சரிவு இல்லை. அது அமெரிக்கக் கணக்கு. கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்தது, வட்டி விகிதம் ஏறியது என்று வேறு காரணங்களையும் சொல்கிறார்கள். ஆனாலும் சென்னையிலும் கோவையிலும் இருக்கும் நம் கம்பெனிகளில் பல அந்தச் சந்தைக்குத்தான் வேலை செய்கின்றன.

ரெஸ்யூமில் பத்து டுடோரியல் புராஜெக்ட் போடுவதைவிட, நாலு பேர் உண்மையில் பயன்படுத்தும் ஒன்றைப் போடுங்கள். தெருமுனை மருந்துக்கடையின் காலாவதித் தேதிப் பட்டியலாக இருக்கலாம், ஊர் நூலகத்தின் புத்தகக் கணக்காக இருக்கலாம். ஏஐயை வைத்தே கட்டுங்கள். அவர்கள் பயன்படுத்தத் தொடங்கியதும் புகார் வரும்: பிரிண்ட் சரியாக வரவில்லை, நேற்று போட்டது காணோம் என்று. அந்தப் புகார்களைத் தீர்த்த கதைதான் இண்டர்வியூவில் உங்களைப் பேசவைக்கும். ‘கடைசியாக உங்களைப் படுத்தி எடுத்த பிழை எது, எப்படிப் பிடித்தீர்கள்?’ என்று நான் தவறாமல் கேட்பேன். வேலையைத் தானே செய்தவர் முதல் நிமிடத்திலேயே விவரத்துக்குள் போய்விடுவார்.

டீம் லீடிடம் சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஏஐயிடமே கேட்டுக்கொள்கிறேன், போதாதா?

போதாது. பைத்தான் பற்றிய சந்தேகத்தை அதனிடம் கேளுங்கள், சரி. ஆனால் இந்த டேபிளில் ஏன் இரண்டு தேதி இருக்கிறது, இந்த வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் தனி விதி, மூன்று வருடத்துக்கு முன் இதை மாற்றப்போய் என்ன ஆனது என்பதெல்லாம் பெரும்பாலும் எங்கும் எழுதி வைக்கப்படாமல் ஆட்களின் தலையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காவிட்டால் இரண்டு வருடம் கழித்தும் நீங்கள் புதியவராகவே இருப்பீர்கள். இன்னொன்றும் கவலையாக இருக்கிறது. புதியவர்கள் கேட்பதை நிறுத்தினால் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் விட்டுப்போகும்.

கூச்சம் போக ஒரு வழி, கேள்வியைத் தயார் செய்துகொண்டு போவது. என்ன செய்ய நினைத்தேன், என்னென்ன பார்த்துவிட்டேன், எதைச் சந்தேகப்படுகிறேன் என்று மூன்று வரி. ‘அண்ணா, ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) ரிப்போர்ட் காலியாக வருகிறது. க்வெரியைத் தனியாக ஓட்டினால் 40 வரி வருகிறது, அதனால் பிரச்சினை டேட்டாவில் இல்லை. தேதி ஃபில்டர் நம் நேரத்துக்குப் பதில் உலகப் பொது நேரமான யுடிசியில் போகிறதோ என்று சந்தேகம்’ என்று போய் நின்றால் எந்த சீனியரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.